ஒரே சிலேட்டில் இரண்டு முகவரிகள்

வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல நெட்வொர்க்கில் சேர்ந்த கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. 192.168.1.10 என்று நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதுகிறோமே, அதுதான் ஐ.பி. முகவரி. இந்தப் புள்ளி எல்லாம் நம் வசதிக்காக. இயந்திரத்துக்கு அது 32 பிட் கொண்ட ஒரே எண்.

சி மொழியில் இந்த முகவரியைத் தேட, நான் வேலையில் இருந்த காலத்தில் இரண்டு ஃபங்ஷன்களைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தோம். கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தேடித் தருவது கெட்-ஹோஸ்ட்-பை-நேம். அந்த 32 பிட் எண்ணைப் புள்ளி வைத்த எழுத்தாக மாற்றித் தருவது ஐநெட்-என்டோஏ. இரண்டும் 1983-ல் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸிலேயே உண்டு.

இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம். ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு சிலேட்டு வைத்திருக்கும் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் பதிலைச் சிலேட்டில் எழுதி, “அதோ பாருங்கள்” என்று விரலைக் காட்டுவார். அடுத்த கேள்வி வந்ததும் பழையதை அழித்துவிட்டு, அதே சிலேட்டில் புதியதை எழுதுவார். கையில் காகிதமாக எதையும் தரமாட்டார். சி மொழியில் அந்த விரலுக்குப் பெயர் பாயின்டர்.

இந்தச் சிலேட்டால் ஒரு மனிதரின் வேலையே போயிருக்கும்.

1998 என்று நினைவு. நான் இருந்த நிறுவனத்தில் உதிரி பாகங்களின் இருப்புக் கணக்கு சர்வருக்கு மாறியிருந்தது. அந்த சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். அதனால், எந்தக் கார்டு வழியாக, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பதிவு வந்தது என்று இரண்டு முகவரிகளையும் லாக் ஃபைலில் எழுதும்படி புரோகிராமை மாற்றினார்கள். எழுதியவர் கெட்டிக்காரர்தான். ஒரே பிரிண்ட்-எஃப் வரியில் ஐநெட்-என்டோஏ-வை இரண்டு முறை அழைத்திருந்தார். முதலில் சர்வரின் முகவரி, பிறகு வந்தவரின் முகவரி.

அந்த வாரமே சில சாமான்களின் இருப்பு இரவு பத்து மணிக்கு மேல் குறைக்கப்பட்டிருப்பதைக் கணக்குப் பிரிவில் கண்டுபிடித்தார்கள். லாக்கைப் பார்த்தால், வந்தவர் முகவரி என்ற இடத்திலும் சர்வரின் முகவரியே இருந்தது. அப்படியானால் சர்வர் முன்னால் உட்கார்ந்து யாரோ செய்திருக்க வேண்டும். இரவில் அந்த அறையில் இருந்தவர் ஒரே ஆள், நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர். மெமோ டைப் ஆகிவிட்டது. “சார், நான் அந்தக் கீபோர்டைத் தொடவே இல்லை சார்” என்று அவர் என்னிடம் வந்து நின்றார். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன்.

எல்லோரும் இரவு வரிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பகல் வரிகளைப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்கு நாலு பிரிவுகளிலிருந்து வந்த பதிவுகளிலும் அதே கதை. இரண்டு இடத்திலும் ஒரே முகவரி. பகல் முழுக்க அத்தனை பேரும் சர்வர் அறையில் வந்து உட்கார்ந்தார்களா என்ன?

நடந்தது இதுதான். பிரிண்ட்-எஃப் முதலில் இரண்டு பதில்களையும் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் அச்சிடும். இரண்டு பதிலும் ஒரே சிலேட்டைக் காட்டும் விரல்கள். எதை முதலில் கேட்பது என்று சி மொழியில் விதி கிடையாது. எங்கள் கம்பைலர் பின்னாலிருந்து முன்னால் வந்தது. வந்தவர் முகவரியை முதலில் எழுதி, அதை அழித்துவிட்டு சர்வர் முகவரியை எழுதியது. கடைசியில் இரண்டு இடத்திலும் அதுவே அச்சானது.

முதல் பதிலைத் தனி இடத்தில் நகல் எடுத்துவிட்டு இரண்டாவதைக் கேட்கும்படி ஒரு வரியைச் சேர்த்தோம். அன்று இரவே உண்மையான முகவரி வந்துவிட்டது. குடோனில் இருந்த கம்ப்யூட்டர். அன்றைய வழங்கல் சீட்டுகளை அங்கிருந்தவர்கள் இரவில் மொத்தமாகப் பதிந்துகொண்டிருந்தார்கள். திருட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மெமோ கிழிக்கப்பட்டது. ஆனால் அவரிடம் யாரும் வருத்தம் தெரிவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது நல்ல வழிகள் வந்துவிட்டன. கெட்-அட்ர்-இன்ஃபோ ஒவ்வொரு முறையும் தனிப் பட்டியலாகப் பதில் தரும். வேலை முடிந்ததும் அதை நாம் விடுவிக்க வேண்டும். ஐநெட்-என்டோபி-க்கு எழுதும் இடத்தை நாமே கொடுக்கிறோம். சிலேட்டு நம்முடையது. இரண்டும் 128 பிட் கொண்ட புது ஐ.பி. 6 முகவரிகளையும் கையாளும். கெட்-ஹோஸ்ட்-பை-நேமை 2008-ம் ஆண்டின் போசிக்ஸ் தரத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பழைய புரோகிராம்களில் அது இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் பேரனோ பேத்தியோ சி படித்தால் இந்தச் சிலேட்டுக் கதையைச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு யாராவது ஒருவரைக் குற்றம் சொன்னால், அதே தாளின் மற்ற வரிகளையும் ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.