வெளியே தெரியாது

பெண் குழந்தையின் ஒரு தோள் உயர்ந்திருப்பதைப் பல வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பவர் மருத்துவர் அல்ல, தையல்காரர். "ஒரு பக்கம் ஏத்தித் தைச்சுடறேன், வெளியே தெரியாது" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கும் நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த 'வெளியே தெரியாது' என்ற சொல்லோடுதான்.

சப்பை எலும்பு கருவின் 5ஆவது வாரத்தில் கழுத்தருகே உருவாகிறது. 12ஆவது வாரத்துக்குள் அது முதுகில் தன் இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காமல் மேலேயே நின்றுவிட்டால் அது ஸ்ப்ரெங்கல் குறைபாடு. 1891இல் இதைப் பற்றி எழுதிய ஜெர்மானிய அறுவை மருத்துவரின் பெயர் அது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடமே இது அதிகம். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். ஆனால் கிரகணத்தன்று வெளியே போனாயா, கனமான குடத்தைத் தூக்கினாயா என்ற விசாரணை மட்டும் தாயை விடாது.

கைக்குழந்தையின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தால் "உரம் விழுந்துடுச்சு, தூக்கத் தெரியாம தூக்கியிருக்கா" என்பார்கள். பழி மறுபடியும் அவள்மேல். கழுத்துத் தசை ஒன்று பிறவியிலேயே இறுகியிருந்தால் தலை அந்தப் பக்கம் சாயும், முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். முதல் சில மாதங்களிலேயே பயிற்சி தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. சாய்வுக்குக் கண் பிரச்சினையும் காரணமாக இருக்கலாம், கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் கிளிப்பல்-ஃபீல் குறைபாடும் காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட கழுத்தைச் சேலையில் போட்டு உருட்டுவதும் திருகுவதும் ஆபத்து. அந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீரகம், இதயம், காது கேட்கும் திறன் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். வெளியே தெரியும் தோளை மறைத்துவிட்டால், உள்ளே இருப்பதைத் தேடும் வாய்ப்பும் போய்விடுகிறது.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஒரு தாய் தன் மகளை என்னிடம் அழைத்துவந்தார். "நிமிர்ந்து நில்லுன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன் மேடம்." துப்பட்டாவை இடது தோளில் மட்டும் கனமாக மடித்துப் போட்டிருந்த அந்தப் பெண்ணிடம், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். இடது கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. "சின்ன வயசுலேருந்தே என்னால ஜடை பின்ன முடியாது. அம்மா பின்னிவிடுவாங்க. ஏன்னு யாரும் கேட்டதில்லை" என்றாள். சப்பை எலும்பை இறக்கும் அறுவை சிகிச்சைக்கு ஏற்ற வயது சுமார் 3 முதல் 8 வரை. அதற்குப் பிறகு கைக்குப் போகும் நரம்புகள் பாதிக்கப்படும் அபாயம் கூடுகிறது. அவளுக்கு அந்த வயது எப்போதோ கடந்திருந்தது.

அவளுக்குத் தேவைப்பட்டிருந்தது பெரிய கருவி எதுவுமில்லை. மூன்று வயதில் சட்டையைக் கழற்றி, பின்னால் நின்று, இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, கைகள் முழுதாக உயர்கின்றனவா, கழுத்து இரு பக்கமும் திரும்புகிறதா என்று ஒருவர் பார்த்திருந்தால் போதும். பிறகு ஒரு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். பெண்ணின் முதுகை மூடிவைக்கத் தெரிந்த அளவுக்கு அதைப் பார்க்க நமக்குத் தெரியவில்லை. வளர்ந்த பெண்ணென்றால் அவளிடம் அனுமதி கேட்டு, மறைவான அறையில், ஒரு பெண் துணையோடு பார்க்கலாம். கூச்சம் என்பது பரிசோதிக்காமல் அனுப்பக் காரணமாகாது.

அந்தத் தாயிடம் நான் முதலில் சொன்னது, "இது நீங்க செஞ்சதில்லைம்மா." மகளிடம் சொன்னது, "நீ கூனலும் இல்லை, சோம்பேறியும் இல்லை." ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "மேடம், கபடி விளையாடலாமா?" கழுத்து எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளுடைய உடம்பைப் பற்றி அன்று அந்த அறையில் கேட்கப்பட்டவற்றில், கல்யாணத்தோடு சம்பந்தமில்லாத கேள்வி அது ஒன்றுதான்.