23 ப்ளகின், மிஞ்சியது 5

போன விடுமுறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வலைப்பூ தொடங்கினோம். நாலு பேரும் ஒலுவில் கம்பஸில் கலைப்பீடம். கோட் எழுத ஒருத்தருக்கும் தெரியாது. சாய்ந்தமருதில் ஒரு நண்பன் வீட்டு மேல்மாடி, ஒரு பழைய லெப்டொப், ஒரு போன் ஹொட்ஸ்பொட், உம்மா மேலே அனுப்பிக்கொண்டே இருந்த பிளேன்டீ. இதுதான் எங்கட அலுவலகம்.

வர்ட்பிரஸைப் போட்டதும் அதற்குள் இரண்டு ப்ளகின் ஏற்கனவே இருந்தது. ஒன்று அகிஸ்மெட். மற்றது ஹலோ டொலி. இந்த ஹலோ டொலி செய்கிற வேலை, நாங்கள் உள்ளே போகும்போது மேல்மூலையில் ஒரு ஆங்கிலப் பாட்டின் வரியைக் காட்டுவது மட்டும்தான். நாங்கள் சிரித்தோம். ஆனால் அடுத்த மூன்று மணித்தியாலம் நாங்கள் செய்ததும் அதே வேலைதான்.

வர்ட்பிரஸ் 2003 இல் வந்தது. ப்ளகின் போடுகிற வசதி அடுத்த வருசம் வந்தது. இப்போது அதன் களஞ்சியத்தில் 50,000 இற்கு மேலே ப்ளகின் கிடக்கிறது, பெரும்பாலும் இலவசம். இலவசம் என்றால் எங்களைக் கேட்கவா வேணும்? ஸ்லைட்ஷோ, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிற மீட்டர், மூன்று விதமான ஷெயார் பட்டன், பக்கத்தில் பூ விழுகிற ஒன்று. இரவு பதினொரு மணிக்கு எண்ணிப் பார்த்தோம். 23.

லிங்கை ஒருத்தனின் ராத்தாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “சுத்திக்கிட்டே இரிக்கி. டேட்டா முடியப் போகுது, நாளைக்குப் பார்க்கன்.” நாளைக்கும் அவ பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கத் தொடங்கினோம். இது இல்லாவிட்டால் வாசிக்கிறவருக்கு என்ன குறையும்? வர்ட்பிரஸே இதைச் செய்யாதா? படங்களை ஆள் கீழே இறங்கும்போது மட்டும் திறக்கிற வசதிக்கு ஒரு ப்ளகின் போட்டிருந்தோம். தேடிப் பார்த்தால் அது 2020 இலிருந்து வர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கிறது. கூகுளுக்குத் தளவரைபடம் கொடுப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு ப்ளகினின் பக்கத்திலும் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எத்தனை தளங்களில் ஓடுகிறது என்று போட்டிருக்கும். நாங்கள் போட்டதில் சிலதை அதன் ஆக்களே கைவிட்டு வருசக்கணக்காகிறது. கைவிட்ட ப்ளகின் பூட்டில்லாத பின்கதவு மாதிரி.

இன்னொரு கேள்வியை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை: இதற்குத் தமிழ் தெரியுமா? வாசிக்க எத்தனை நிமிடம் எடுக்கும் என்று காட்டுகிற ஒரு ப்ளகின், எங்கட நீளமான கட்டுரைக்குக்கூட ஒரு நிமிடத்துக்குக் குறைவு என்று காட்டியது. ஆங்கில எழுத்தை வைத்துத்தான் அது சொல்லை எண்ணுகிறது. எங்கட சொல் ஒன்றும் அதற்குச் சொல்லாகத் தெரியவில்லை.

கட்டுரையின் முகவரியும் அப்படித்தான். ‘கல்முனை’ என்பது எங்களுக்கு நாலு எழுத்து. கணினிக்கு அது ஏழு குறியீடு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் இணைய முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். அப்படியென்றால் கல்முனை மட்டும் 63 குறி. வர்ட்பிரஸ் தலைப்புக்கு விடுகிற இடம் 200. தமிழில் நாலைந்து சொல் தலைப்பு வைத்தால் நடுவில் வெட்டுப்படும், வட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக நீளும். இதற்கும் ப்ளகின் தேடினோம். தேவைப்படவில்லை. செட்டிங்ஸில் முகவரியை இலக்கமாக மாற்றினோம், சரியாகிவிட்டது.

இவ்வளவும் வசதி பற்றிய கதை. எங்களை உலுக்கியது வேறு.

எங்களுக்குப் பல வருசம் முன்னால் படித்த ஒரு பெட்ச்சும் இப்படி ஒரு தளம் நடத்தினார்களாம். அதில் எழுதிய ஒரு ராத்தா இப்போது மருதமுனையில் இருக்கிறா, டீச்சர். அனுபவம் கேட்கலாம் என்று போனோம். அவ கேட்ட முதல் கேள்வி, “என்ன ப்ளகின் போட்ட?” இல்லை. “பெக்கப் எங்க வெச்சிரிக்க?”

எங்களிடம் பதில் இல்லை. 23 இல் அது ஒன்றுதான் இல்லாமல் இருந்தது.

அவட பெட்ச் முடித்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். டொமைனுக்குக் காசு கட்ட வேண்டிய நாள் வந்தது, ஒருத்தர் கட்டுவார் என்று மற்றவர் இருந்தார். தளம் போய்விட்டது. அதில் அவ எழுதிய ஒரு கட்டுரை இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதியை அவட உம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கட அம்பாறை மாவட்டத்தில்தான். எங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. எங்களுக்கு அந்த நாள் என்பது பெரியாக்கள் சொல்லித் தெரிந்தது மட்டும்தான். அந்த உம்மா இப்போது வபாத்தாகிவிட்டா. கட்டுரையின் பிரதி ராத்தாவிடமும் இல்லை, நேராகத் தளத்திலேயே டைப் பண்ணினதாம்.

வீட்டுக்கு வந்து இன்டர்நெட் ஆர்கைவின் வேபெக் மெஷினில் அந்தப் பழைய முகவரியைப் போட்டுப் பார்த்தோம். முகப்புப் பக்கம் ஒரேயொரு நாளுக்குச் சேமிப்பாகி இருந்தது. தலைப்பு இருந்தது. முதல் பந்தி இருந்தது. கீழே ‘மேலும் வாசிக்க’ இருந்தது. அதை அழுத்தினால் ஒன்றுமில்லை. மாறி மாறி நாலு பேரும் அழுத்திப் பார்த்தோம்.

இப்போது எங்களிடம் இருப்பது ஐந்து. குப்பைக் கொமண்டைத் தடுக்க அகிஸ்மெட். பக்கத்தைச் சேமித்து வைத்து வேகமாகக் கொடுக்க ஒரு கேஷ் ப்ளகின். போனில் எடுத்த பெரிய படத்தைச் சுருக்க ஒன்று. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கிறவனை மறிக்க ஒன்று. ஐந்தாவது அப்டிராஃப்ட்பிளஸ், ஒவ்வொரு கிழமையும் எழுத்து இருக்கிற தரவுத்தளத்தையும் படங்களையும் கூகுள் டிரைவில் கொண்டுபோய் வைக்கிறது. இலவச டிரைவில் 15 ஜிபி இருக்கிறது, எங்கட எழுத்துக்கு அது கடல். மாதம் ஒருக்கா அதை இறக்கி ஒரு பென்டிரைவிலும் போடுகிறோம். ஒருக்கா அந்தப் பிரதியை வேறு இடத்தில் திறந்தும் பார்த்தோம். திறந்து பார்க்காத பெக்கப்பை நம்பி என்ன செய்ய?

ஒரு வேலைக்கு மட்டும் இன்னும் ப்ளகின் கிடைக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் கம்பஸ் முடித்துப் போனால் டொமைன் காசை யார் கட்டுவது, கடவுச்சொல் யாரிடம் இருப்பது? இப்போதைக்கு ஒரு ஜூனியரையும் சேர்த்திருக்கிறோம்.

அந்த முதல் பந்தியை ராத்தாவுக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் ஒரு வொய்ஸ் வந்தது. “இது உம்மாட சொல்லு. மிச்சத்த எழுதினா என்ட சொல்லாத்தான் வரும்.” பிறகு, “சரி, எழுதித் தாறன்” என்றா.

இன்னும் வரவில்லை. வந்ததும் போடுகிறோம்.