பேரனின் காரும் எடை மெஷினும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அமெரிக்கா போயும் நோட்டும் பேனாவும்தானா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பக்கத்தில் நின்ற சிவப்புக் கார் யாருடையது, பின் டயர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன் என்றும் கேட்டீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நேரம் உள்ளவர்கள் படியுங்கள்.

மகள் வீடு டெட்ராய்ட் பக்கம். பேரனுக்கு 19 வயது. கோடை விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் 1990ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங் ஒன்று வாங்கியிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு டிராக் ரேஸ் ஓடுகிறான். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட வேண்டும். வளைவு கிடையாது. அவ்வளவுதான் போட்டி. நம் ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தில்கூட இதைவிடச் சிக்கல் அதிகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதல் 60 அடியைக் கடக்கும் நேரத்தைத் தனியாக அளந்து சீட்டில் அச்சடித்துத் தருகிறார்கள். அங்கே 0.1 வினாடி மிச்சம் பிடித்தால் முடிவில் 0.15 முதல் 0.2 வினாடி வரை கிடைக்கும் என்பது களத்துக்காரர்களின் கணக்கு. இவன் கார் அந்த 60 அடியில்தான் மக்கர் செய்தது. மிதித்தவுடன் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், புகை வரும், காரின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் இருப்பது கான்கிரீட் சுவர். அந்த வீடியோவைப் பார்த்த அன்று என் மகள் ராத்திரி சாப்பிடவில்லை.

பேரனோ, "ஆச்சி, இன்னும் பவர் வேண்டும், சூப்பர்சார்ஜர் வாங்கக் கொஞ்சம் பணம் தாங்க" என்று என்னிடம் வந்து நின்றான். இருக்கிற சக்தியே தரையில் இறங்காமல் புகையாகப் போகிறது, இதில் இன்னும் சக்தி எதற்கு? "முதலில் கார் நேராகப் போகட்டும், பிறகு பேசலாம்" என்றேன். மகளும் அதையே நிபந்தனையாக்கிவிட்டாள்: கார் நேராகப் போகாவிட்டால் விற்றுவிட வேண்டும்.

இனி கொஞ்சம் பாடம். பஸ்ஸை எடுத்தவுடன் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? கார் பாயும்போதும் முன் சக்கரத்தின் பாரம் கொஞ்சம் பின் சக்கரத்துக்குப் போகிறது. எவ்வளவு போகும்? காரின் எடையை எடைமையத்தின் உயரத்தால் பெருக்கி, முன் பின் சக்கரங்களின் இடைவெளியால் வகுக்க வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகக் கார் பாய்ந்தால் வரும் கணக்கு இது. ஓட்டுநரோடு 1500 கிலோ, உயரம் அரை மீட்டர், இடைவெளி 2.55 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 290 கிலோ பின்னால் போகும். நிற்கும்போது பின்னால் 630 கிலோ இருந்தால் பாயும்போது 920 ஆகும். டயரின் பிடிமானம் இதை வைத்துத்தான்.

இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. பேரனிடம் இதைத்தான் கேட்டேன், திருதிருவென்று விழித்தான். எந்த ஸ்பிரிங் போட்டாலும் போய்ச் சேரும் மொத்தப் பாரம் ஏறக்குறைய அதேதான். அந்தப் பாரம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, இரண்டு சக்கரத்துக்கும் சமமாக வருகிறதா என்பதுதான் சஸ்பென்ஷன் கையில் இருக்கிறது. பென்ஷன் தொகையை அரசு நிர்ணயித்துவிடும். ஒன்றாம் தேதி வருகிறதா, பத்தாம் தேதி வருகிறதா என்பதுதானே நம் கவலை!

இந்த ஊர்க்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1950களின் கடைசியில் கிரைஸ்லர் கம்பெனியின் இளம் எஞ்சினியர்கள் சிலர் ராம்சார்ஜர்ஸ் என்று குழு சேர்ந்து, 1949 பிளைமவுத் கார் ஒன்றை ஏணி வைத்து ஏறுவது போல உயரத் தூக்கிவிட்டார்கள். உயரம் கூடினால் பின்னால் போகும் பாரமும் கூடும் என்பதுதான் காரணம். 1965இல் அதே கம்பெனி சில கார்களின் பின் சக்கரத்தை 15 அங்குலமும் முன் சக்கரத்தை 10 அங்குலமும் முன்னுக்குத் தள்ளியது. பார்க்க விநோதமாக இருந்ததால் அந்த மாதிரிக் கார்களுக்கு 'ஃபன்னி கார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நம் மஸ்டாங்குக்கு வருவோம். காரின் பின்பக்கம் கீழே அமுங்கினால் டயர் நன்றாக அழுந்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் அதில் ஏறி நின்று சட்டென்று குந்திப் பாருங்கள், முள் முதலில் இறங்கும். குந்திய நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால் முள் எகிறும். முழுதாக நிமிர்ந்து நிற்கும் நொடியில் மறுபடி இறங்கும். (மூட்டுவலிக்காரர்கள் பேரப்பிள்ளைகளை விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.) காரும் இப்படித்தான். பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் காரின் உடலை மேலே தள்ளினால், அதே விசை டயரைக் கீழே அழுத்துகிறது. அந்தக் கைகள் எந்தச் சரிவில் இருக்கின்றன என்பதுதான் விஷயம். கீழ்க் கைகளின் பின்முனையைக் கொஞ்சம் இறக்கி மாட்ட ஒரு பிராக்கெட் கிடைக்கிறது. மாப்பிள்ளையும் பேரனும் ஒரு சனிக்கிழமை அதை மாட்டினார்கள்.

அடுத்த ஓட்டத்தில் டயர் கப்பென்று பிடித்தது. ஒரு கார் நீளம் போனதும் மறுபடி சுழன்றது. மெஷின் முள் கதைதான்! எழுந்து முடித்தவுடன் பாரம் குறைந்துவிட்டது. பின் ஷாக் அப்சார்பர் நீளும்போது காட்டும் எதிர்ப்பை இரண்டு கிளிக் கூட்டினான். உடல் மெதுவாக எழுந்தது, அழுத்தம் கூடுதல் நேரம் நின்றது. சுழற்சி போய்விட்டது.

வலப்பக்கம் இழுப்பது வேறு கதை. பலகையில் டிரில்லிங் மெஷின் பிட் மாட்டிக்கொண்டால் பலகையே சுற்றப் பார்க்கும் அல்லவா? அதுபோல எஞ்சினிலிருந்து வரும் தண்டு பின் ஆக்சிலையே முறுக்கி, வலது சக்கரத்தைத் தூக்கி இடது சக்கரத்தை அழுத்துகிறது. இடது நன்றாகத் தள்ளும், வலது வழுக்கும், மூக்கு வலப்பக்கம் போகும். அதே நேரத்தில் காரின் உடல் எதிர்த்திசையில் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு முழுவதும் பின் ஸ்பிரிங்குகளுக்கு வந்தால் வலது சக்கரம் திரும்ப அழுந்தும். முன்பக்க ஸ்டெபிலைசர் கம்பி அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. களத்தில் மட்டும் அதைக் கழற்றினார்கள், வலது பின் ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப்பை வைத்தார்கள்.

என் வேலை நோட்டு எழுதுவது. ஓட்டம் எண், டயர் காற்று (வழவழப்பான அந்த ஸ்லிக் டயருக்கு 10 முதல் 15 பவுண்டுதான்!), ஷாக் கிளிக், 60 அடி நேரம். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான் என்பது என் கட்டளை. இளவட்டங்கள் மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் நிற்கிறார்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தன்னுடைய நோட்டை எடுத்து வந்து காட்டினார். எழுத்துதான் கோழி கிளறியது மாதிரி.

நான்கு சனிக்கிழமைகளில் 60 அடி நேரம் 2.1 வினாடியிலிருந்து 1.8க்கு வந்தது. கால் மைல் 13.9இலிருந்து 13.4. எஞ்சினைத் தொடவே இல்லை. கடைசி ஐந்து ஓட்டத்தையும் மகள் நேரில் வந்து, கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஐந்திலும் கார் அதன் பாதையின் நடுவிலேயே போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது அவனுக்குப் பிடித்த கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

பைக் வைத்திருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் டிராக் போட்டி நடத்துகிறார்கள், ஹெல்மெட்டோடு அங்கே போங்கள். ஈசிஆர் ரோட்டில் செய்தீர்கள் என்று காதில் விழுந்தால் வீட்டுக்கே வந்து காதைத் திருகுவேன்.

இப்போது காரின் முன்பக்கம் கொஞ்சம் எழும்பிவிட்டு டொப்பென்று விழுகிறது. முன் ஷாக்கை ஒரு கிளிக் இறுக்க வேண்டும். மழை இல்லாவிட்டால் வரும் சனிக்கிழமை பார்க்கிறோம். சூப்பர்சார்ஜர் பேச்சை அவன் இன்னும் விடவில்லை.