மேல்பட்டை தேடிய ஒக்டோபர்

14 ஒக்டோபர் 2025, செவ்வாய்

விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்றோடு நிற்கின்றன. 2015 யூலையில் வந்தது. பத்து வருடம் உழைத்துவிட்டது. திருகோணமலை டொக்யார்ட் வீதியில் ரைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவருக்கு இது புதுச் செய்தியல்ல. முழுத்திரை எச்சரிக்கையை எத்தனையோ காலை மூடிவிட்டுத்தான் அவர் கடிதம் அடிக்கத் தொடங்கியிருக்கிறார். கடையில் இருக்கும் மூன்று கணினிகளும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை. விண்டோஸ் 11 கேட்கும் டீ.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் அவற்றில் இல்லை. வேலை செய்கிற இயந்திரத்தைப் பழசு என்று தள்ளிவைக்கும் கணக்கு கடைக்காரர்களுக்கு என்றும் விளங்கியதில்லை.

16 ஒக்டோபர், வியாழன்

கணினி திருத்துகிற தம்பி ஒருவர், விண்டோஸ் 11 இன் தகுதிச் சோதனையைத் தாண்ட வழி தெரியும் என்று முன்மேசைக் கணினியில் 11ஐ ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. காலையில் கடைப் பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, மேல இருந்த பட்டை எங்க போயிட்டுது?" என்று கேட்டாள்.

பணிப்பட்டை கீழே இருந்தது, ஐகான்கள் நடுவில். ஐகான்களை இடது பக்கம் ஒதுக்கலாம். பட்டையை மேலே ஏற்ற 11 இல் வழியே இல்லை. வருடக்கணக்காக மேலேயே வைத்துப் பழகியவருக்கு அது போதும், மனம் விட்டுப்போக. 4 ஜிபி நினைவகத்தில் வேர்ட் திறக்கும் முன் வாடிக்கையாளர் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்து வந்துவிடுகிறார். தகுதியில்லாத கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. அப்படியென்றால் எதற்கு இந்த மாற்றம்?

18 ஒக்டோபர், சனி

விண்டோசுக்குப் பதிலாகப் பென் டிரைவில் லினக்ஸ். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. எந்த லினக்ஸிலும் உள்ளே இயங்கும் கரு ஒன்றேதான். மேலே தெரியும் பட்டை, மெனு, ஜன்னல், கோப்புப் பெட்டி எல்லாம் சேர்ந்த மேசைச் சூழலைத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

முதலில் க்னோம். பட்டையில் திறந்த ஜன்னல்களின் வரிசை இல்லை, சுருக்கும் பொத்தானும் இல்லை. பிள்ளைக்குப் பிடித்தது, அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் கோபத்தில் அவர் தனியாள் அல்ல. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகச் சினந்து எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு சூழலின் பக்கம் போனார். பழைய க்னோம் 2ஐக் கைவிட மனமில்லாத ஆர்ஜென்டீனாக்காரர் ஒருவர் அதைப் பிரித்தெடுத்து மாட்டே என்று தொடர்ந்தார். லினக்ஸ் மின்ட் குழுவினர் சினமன் செய்தார்கள். உபுண்டு யூனிட்டியைக் கொண்டுவந்து, 2017 இல் அதையும் விட்டுவிட்டு க்னோமுக்கே திரும்பியது. அந்த ஒரு வருடத்துச் சண்டையில்லாவிட்டால் டொக்யார்ட் வீதிக்கு இத்தனை தெரிவுகள் கிடைத்திருக்காது.

20 ஒக்டோபர், திங்கள்

தீபாவளி. கடை பூட்டு. வீட்டு மடிக்கணினியில் கேடிஈ பிளாஸ்மா. அழகு. எதையும் எங்கும் நகர்த்தலாம், பட்டை மேலே போய்விட்டது. ஆனால் அமைப்புகளுக்குள் நுழைந்தவர் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை வெளியே வரவில்லை.

22 ஒக்டோபர், புதன்

இன்றுதான் உண்மையான சோதனை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவர் பள்ளிவாசல் கடிதமொன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி எழுத்துரு! அதன் கோப்பை இழுத்துப் போட்டதும் லிப்ரே ஆபிசில் தமிழ் எழுந்து நின்றது. இலங்கையில் அச்சுக்குப் போகும் தமிழில் இன்னும் எவ்வளவோ பாமினியில்தான் கிடக்கிறது. மின்னஞ்சலுக்கும் இணையப் படிவத்துக்கும் மட்டும் அது உதவாது; அங்கே யூனிகோட் வேண்டும்.

நல்லவேளை, ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரம் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. எஃப் விசையில் க, ஜி விசையில் ப, கே விசையில் ம என்று பாமினி பழகிய விரல் அநேகமாக அப்படியே ஓடும். லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் இரண்டையும் போட்டால் ரெங்கநாதனும் வரும், சிங்களத்துக்கு விஜேசேகரவும் வரும். கச்சேரிக்குப் போகும் விண்ணப்பத்தில் மூன்று மொழியும் ஒரே பக்கத்தில் கலக்கிற ஊரில், இதைவிட முக்கியமான வசதி வேறில்லை.

இங்கேதான் சிக்கல். அவருக்குப் பிடிக்காத க்னோமில் இந்த மொழிமாற்றம் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது, சேர்த்தால் சரி. பிளாஸ்மாவின் வேலண்ட் என்ற திரை அமைப்பில், மெய்நிகர் விசைப்பலகை என்ற பகுதிக்குள் போய் ஐபஸைத் தெரிவு செய்ய வேண்டும். அந்தத் தலைப்புக்குள் போய்த் தேட யாருக்குத் தோன்றும்? எக்ஸ்எஃப்சிஇயில் எல்லாவற்றையும் நாமே பொருத்த வேண்டும். பொருத்திவிட்டால் மொழிச் சின்னம் பட்டையில் உட்கார்ந்துவிடும்.

24 ஒக்டோபர், வெள்ளி

முன்மேசைக் கணினிக்கு முடிவாக லினக்ஸ் மின்ட் 22.2, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை திருத்தங்கள் வரும். பட்டை மேலே. சினமனையும் பார்த்தார்கள், நல்லதுதான், பழைய இயந்திரத்துக்குக் கொஞ்சம் பாரம். ஐபஸைப் பொருத்த ஒரு பின்னேரம் போனது. அந்தப் பின்னேரத்தை அவர் நட்டமாக எண்ணவில்லை, தினமும் நூறு தடவை மொழி மாற்றுகிற கைக்கு அது முதல்.

இரண்டாம் கணினிக்கும் இதுவே. மூன்றாவது விண்டோஸ் 10 இலேயே நிற்கிறது. பழைய லேசர் பிரிண்டரின் டிரைவர் லினக்ஸில் வம்பு பிடிக்கிறது, கோவில் நோட்டீஸ் எல்லாம் அதில்தான் அடிக்க வேண்டும். நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தால் 2026 ஒக்டோபர் 13 வரை தாக்குப் பிடிக்கும். அதற்கு மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டுமாம். கடவுச்சொல்லை எங்கே எழுதி வைத்தோம் என்று பிள்ளை லாச்சியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.