ரத்தக்கட்டு

மாரடைப்புக்கு அவசர சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு முதல்முறை உடம்பு துடைத்துவிடும்போதுதான் வீட்டார் அந்த மேனியை முழுதாகப் பார்க்கிறார்கள். ஈசிஜி ஒட்டிகள் இருந்த இடமெல்லாம் பசைப் பிசுக்கும் வட்டச் சிவப்பும். முழங்கை மடிப்பில் ஊசி போட்ட நீலம். ஸ்டென்ட் வைக்க வழிவிட்ட மணிக்கட்டிலிருந்து முன்கை பாதிவரை, நாவல்பழம் நசுங்கியதுபோல ஒரு கறை. "ஐயோ, ரத்தம் கட்டியிருக்கே!" என்று ஒரு பெரியம்மா சொல்லிவிட்டால் போதும், அடுப்பில் புளியும் கல்லுப்பும் கொதிக்கத் தொடங்கிவிடும்.

தமிழில் இந்தக் 'கட்டு' இரண்டு இடத்தில் நிற்கிறது. இதயக் குழாயை அடைத்தது ரத்தக்கட்டி. தோலுக்கடியில் தேங்கியது ரத்தக்கட்டு. முதலாவது மறுபடி உண்டாகாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தருகிறார்கள். சிகிச்சையின்போது ஹெப்பாரின் செலுத்துகிறார்கள். இந்த மருந்துகளுக்கு இதயம் வேறு, கை வேறு என்று தெரியாது. ஊசி முனையளவு துளையிலும் ரத்தம் உறையச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். அதற்குள் கசிந்ததுதான் நீலம்.

அது இரண்டொரு நாளில் முழங்கைப் பக்கம் இறங்கினால் வீடே பதறுகிறது. பெரும்பாலும் அது புதுக் கசிவு இல்லை; தேங்கிய ரத்தம் பள்ளம் பார்த்துப் போகிறது, அவ்வளவுதான். பிறகு நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். ஹீமோகுளோபினை உடம்பு உடைக்கும்போது முதலில் வருவது பச்சை நிற பிலிவெர்டின், அடுத்தது மஞ்சள் நிற பிலிருபின். காமாலைக்காரர் கண்ணை மஞ்சளாக்கும் அதே பிலிருபின்தான்.

இதயம் நின்றுபோய் மீட்கப்பட்டவர்களுக்கு வேறு தழும்புகளும் உண்டு. வலது காறையெலும்புக்குக் கீழே ஒன்று, இடது விலாப்புறம் ஒன்று என இரண்டு செம்படலம். மின் அதிர்ச்சி கொடுத்த பட்டைகளின் அச்சு அது. பட்டை சரியாகப் படியாத இடத்தில் மின்சாரம் குவிந்து தோலைச் சுடுகிறது. அதைவிட வாட்டுவது, உயிரை மீட்க நெஞ்சை அழுத்தியதால் வரும் நெஞ்செலும்பின் வலி. இருமினால் வலி, புரண்டு படுத்தால் வலி, சிரித்தாலும் வலி. வாரக்கணக்கில் நீடிக்கும்.

அந்த வலியின் கதை அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொடங்குகிறது. வில்லியம் கௌவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியியல் பேராசிரியர். மின்கம்பிகளில் வேலை செய்தவர்கள் அதிர்ச்சியில் இறந்துகொண்டிருந்த காலத்தில், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்சாரத்தாலேயே ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றவர். 1950களின் இறுதியில் அவரது ஆய்வுக்கூடத்தில் இருந்த இளைஞர் கை நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார். கனத்த மின்பட்டைகளை நாயின் மார்பில் அழுத்தி வைத்தவுடனே, மின்சாரம் பாயும் முன்பே, ரத்த அழுத்தம் சற்று ஏறியது. பலர் கண்ணில் பட்டும் படாமலும் போயிருக்கக்கூடிய சின்ன அசைவு. அவர் அதை விடவில்லை. வெளியிலிருந்து அழுத்தினாலே இதயத்திலிருந்து ரத்தத்தை ஓடவைக்கலாம் என்பது புரிந்தது. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அதை மனிதர்களிடம் கொண்டுசென்றார். 1960இல் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகள். 14 பேர் பிழைத்திருந்தார்கள். இதற்குத் தேவை இரண்டு கைகள் மட்டுமே என்று அதில் எழுதினார்கள்.

அதுவரை நின்ற இதயத்தை இயக்க மார்பைக் கத்தியால் திறந்து, உள்ளே கைவிட்டுப் பிசைவதே வழக்கம். 1947இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் 14 வயதுச் சிறுவனை மின் அதிர்ச்சியால் மீட்டதும் திறந்த மார்பில்தான்.

இன்று பெரியவர்களுக்கு நெஞ்சை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தச் சொல்கிறார்கள். அந்த வேகத்தில் விலா எலும்பு முறிவது அபூர்வம் இல்லை. முகம் தெரியாத ஒருவர் வியர்த்து விறுவிறுக்க அழுத்தியதால்தான் அந்த நெஞ்சு இன்று வலிக்கிறது, துடிக்கவும் செய்கிறது. இந்த வலியும் கறையும் வரும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே யாராவது உட்கார்ந்து ஐந்து நிமிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாதபோது பயம் மாத்திரையின் மேல் பாய்கிறது.

அதனால் வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். கறை நீலமாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். புது ஸ்டென்டில் ரத்தம் உறைந்துவிடலாம். மணிக்கட்டில் பத்து வேண்டாம், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். வீக்கம் பெருகிக் கல்லாக இறுகினாலோ, விரல் மரத்து வெளுத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். துளையிலிருந்து ரத்தம் பீறிட்டால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். நெஞ்சை இறுக்கி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், அது பழைய விலாவலிதானா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அப்போதும் 108தான்.