சட்டை போட்ட வண்டியின் சலசலப்பு

மனிதன் முதலில் தனக்குச் சட்டை தைத்துக்கொண்டான். பிறகு தன் வண்டிக்கும் தைத்துப் போட்டான். மோட்டார் சைக்கிளின் முகத்தையும் விலாவையும் மூடி நிற்கும் அந்தச் சட்டைக்கு ஃபேரிங் என்று பெயர். காற்றைப் பிளந்துகொண்டு விரைய வேண்டும் என்ற ஆசையால் பந்தய வண்டிகளுக்கு ஏற்பட்ட அலங்காரம் அது. 1950-களில் ஐரோப்பியப் பந்தயங்களில் முன்சக்கரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும் பெரிய கூடுகளை மாட்டி ஓட்டினார்கள். பக்கவாட்டில் காற்று அடித்தால் ஆளையும் வண்டியையும் சேர்த்துச் சாய்க்கும் என்பதால் 1958 முதல் பந்தயங்களில் அவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1976-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த முழுக் கூட்டுடன் ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியை விற்பனைக்கு விட்டது. அதற்குப் பிறகு சாலையில் போகும் சாதாரண மனிதனுக்கும் சட்டை போட்ட வண்டி கிடைக்கலாயிற்று.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய புல்லட்டும் ராஜ்தூத்தும் ஜாவாவும் வெற்றுடம்பு உழைப்பாளிகள். என்ஜினையும் டேங்கையும் வெயிலில் காட்டிக்கொண்டு போகும் அந்த வண்டிகளில் ஓசை கேட்டால் ஏதோ ஓர் இரும்பு பேசுகிறது என்று பொருள். சட்டை போட்ட வண்டியின் கதை வேறு. அங்கே இரும்பு முணுமுணுத்தால் பிளாஸ்டிக் கூச்சல் போடும்.

இந்த உண்மையை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்ற ஆண்டு அண்ணன் வேலை கிடைத்து வெளியூர் போனபோது தன் பழைய வண்டியை எனக்கு விட்டுச் சென்றான். ஒற்றை சிலிண்டர், முன்பக்கம் அரைக்கூடு, முகப்பு விளக்கு, மீட்டர், கண்ணாடிகள் யாவும் அந்தக் கூட்டுக்குள்ளேயே அடக்கம். தோழர்கள் அதைப் பார்த்துச் சீட்டியடித்தார்கள். ஏறி ஓட்டியவர்கள் மட்டும் சீட்டியடிக்கவில்லை. வேகம் 60-ஐ நெருங்கியதும் முகத்துக்கு நேரே 'கிர்ர்ர்' என்று ஓர் ஓசை எழும். தகர டப்பாவில் சில்வண்டைப் பிடித்து அடைத்தாற்போல் இருக்கும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி ஒன்று இரண்டாகத் தெரியும். குமாரபாளையத்திலிருந்து புறப்பட்டு, நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நாள்தோறும் போக வர 40 கிலோமீட்டர் இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வரும் ஒருவன், வகுப்பில் உறங்கினால் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

ஃபேரிங் என்ற சொல்லே நமக்குப் பகை. உதிரிபாகக் கடையில் போய், "ஃபேரிங்குக்கு ரப்பர் புஷ் இருக்குங்களா?" என்றேன். கடைக்காரர், "முன்சக்கரமா பின்சக்கரமா தம்பி?" என்று கேட்டு ஒரு பேரிங்கை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் வாயைக் காற்றால் நிரப்பி மறுபடி 'ஃ' போட்டுச் சொன்னேன். அவர் இன்னும் பெரிய பேரிங் ஒன்றை எடுத்து வந்தார். "முன்னாடி மூடியிருக்குமேங்க, அந்தக் கூடு" என்ற பிறகுதான் விளங்கிற்று. "அதுக்கெல்லாம் தனியா புஷ் வராது தம்பி. புதுக் கூடே வாங்கணும்" என்று முடித்துவிட்டார்.

பட்டறைகளில் கிடைத்த மருத்துவம் இருவகை. ஒருவர் எல்லாத் திருகுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் பழைய பாட்டு. இன்னொருவர் இடுக்குகளில் பஞ்சு மெத்தைத் துண்டுகளைத் திணித்தார். ஓசை பாதியாயிற்று. "கூடு இருந்தா சத்தம் வரத்தான் செய்யும், கண்டுக்காதீங்க" என்பது அவர் தந்த அறிவுரை. எனக்கு அது ஒப்பவில்லை. காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்திவிட்டுக் காய்ச்சல் போயிற்று என்று சொல்வதுபோல் பட்டது.

இயற்பியல் படிப்பவனுக்கு இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஓசை ஏன் எப்போதும் எழாமல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எழுகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாசலில் நடுத்தாங்கியில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்லத் திருகினேன். 3,000 சுற்றில் அமைதி. 4,000-த்தைத் தாண்டியதும் முணுமுணுப்பு. 4,200-இல் கச்சேரி. 4,600-இல் மறுபடி அமைதி. சாலை இல்லை, காற்று இல்லை, கியர் இல்லை. ஆயினும் அதே பாட்டு. ஆகவே பாடகர் என்ஜின்தான். கூடு வெறும் ஒலிபெருக்கி.

நிமிடத்துக்கு 4,200 சுற்று என்றால் நொடிக்கு 70. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய் நின்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் உதைப்பு சட்டகத்தின் வழியே கூட்டுக்கு வந்து சேருகிறது. இதைத்தான் நம் பாடநூல் திணிப்பு அதிர்வு என்கிறது. கூட்டின் ஏதோ ஒரு பகுதியின் இயல்பு அதிர்வெண்ணும் அதே 70-க்கு அருகில் அமைந்துவிட்டால் ஒத்ததிர்வு பிறக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் இசைக்கவையைக் காற்றுத் தம்பத்தின் மேல் பிடித்து நாம் வியந்து கேட்ட அதே நிகழ்ச்சி. அன்று வியந்தோம், இன்று தலைவலி மாத்திரை தேடுகிறோம்.

எந்தப் பகுதி என்பதுதான் தெரியவில்லை. பிளாஸ்டிக் ஓசை வஞ்சகமானது. இடப்பக்கம் பிறந்து வலப்பக்கம் கேட்கும். நான் காதைக் கூட்டின் மேல் வைத்துவைத்துப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பா திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்திருக்கின்றன. தறிக்கூடத்துக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது. அதற்குள் அப்பா 12 மணி நேரம் நின்றார். நாடா இங்கும் அங்கும் அடித்த அடியில் துணியும் வளர்ந்தது, நாங்களும் வளர்ந்தோம், அவருடைய செவி தேய்ந்தது. இன்று வாசலில் பேருந்து ஒலிப்பான் அடித்தால் மெல்லத் திரும்பிப் பார்ப்பார். அம்மா அழைத்தால் அதுவும் இல்லை. அவரிடம் என் வண்டியின் ஓசையைப் பற்றி நான் ஒருநாளும் முறையிட்டதில்லை. முறையிட மனம் வருமா?

அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் கூட்டின் மேல் வைத்தார். "அப்படியே புடி" என்றார். நான் 4,200-இல் பிடித்தேன். கை இடப்பக்கத்திலிருந்து மெதுவாக நகர்ந்தது. விளக்கின் கீழே நின்றது. கூட்டின் உள்ளே நுழைந்தது. இரும்பைத் தொட்டார். பிறகு இரண்டு விரலால் எதையோ அழுத்தினார். ஓசை கத்தரித்தாற்போல் நின்றது. விரலை எடுத்தார்; மறுபடி கிர்ர்ர்.

"கூடு இல்ல கண்ணு. கூட்டைத் தாங்குற இரும்பு" என்றார்.

"எப்படிங்கப்பா கண்டுபுடிச்சீங்க?" என்று அவர் காதருகே கத்தினேன்.

"தறிக்கூடத்துல யாருக்குக் காது கேட்டுச்சு? எந்தத் தறி பழுதுன்னு கையை வெச்சுத்தான் பாப்போம்."

கூட்டைக் கழற்றினோம். கழற்றியதும் கண்ட காட்சி அழகானதன்று. பதினொரு திருகுகளில் மூன்றுக்கு உள்ளே இருக்க வேண்டிய இரும்புக் குழல் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ கழற்றி மாட்டியபோது தொலைத்திருக்கிறார்கள். மெத்தைப் பஞ்சை இழுத்து எறிந்ததும் முகப்பு விளக்கைத் தாங்கும் இரும்புச் சட்டம் தெரிந்தது. பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல் ஒரு கோடு. அப்பா நகத்தால் வருடினார். கோடு நகத்தைப் பிடித்தது. சட்டத்தின் பாதி அகலத்துக்கு வெடித்திருந்தது. மீதிப் பாதியும் போயிருந்தால் விளக்கும் கூடும் சேர்ந்து ஹேண்டில்பாரின் மேல் சாய்ந்திருக்கும். நான் நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். பஞ்சு அடைத்தவர் மறைத்தது ஓசையை மட்டுமல்ல.

அந்தக் குழல் சிறு பொருள்தான். ஆனால் அதைப் பற்றி நான்கு வரி எழுதாமல் போக முடியாது. கூட்டின் துளையில் ஒரு ரப்பர் வளையம், வளையத்தின் நடுவே இரும்புக் குழல், குழலுக்குள் திருகு. திருகை எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் குழலின் மேல் விழுமே தவிர, ரப்பரின் மேல் விழாது. ரப்பர் சற்றே அமுங்கிய நிலையில் உயிரோடு இருக்கும். அதிர்வைத் தானே வாங்கி விழுங்கும். குழல் தொலைந்துவிட்டால் இரண்டே வழி. இறுக்கினால் ரப்பர் நசுங்கிக் கல்லாகி அதிர்வை அப்படியே கடத்தும், பிளாஸ்டிக்கும் துளையருகே கீறும். தளர்த்தினால் கூடு துளைக்குள் ஆடித் தாளம் போடும். பல்லைக் கடித்து இறுக்கிய பட்டறைக்காரர் முதல் வழியில் போனார். இங்கிலாந்தில் நார்ட்டன் கமாண்டோ வண்டிக்கு 1967-இல் என்ஜினையே ரப்பர்மேல் உட்கார வைத்துச் சட்டகத்துக்கு அதிர்வு ஏறாமல் தடுத்தார்கள். தத்துவம் ஒன்றே; அவர்கள் என்ஜினுக்குச் செய்ததை நம் வண்டிகளில் கூட்டுக்குச் செய்திருக்கிறார்கள்.

இரும்புச் சட்டத்தைத் தனியே கழற்றி வெல்டிங் பட்டறையில் வெடிப்பை அடைத்து, மூலையில் முக்கோணத் துண்டு ஒன்றையும் வைத்துப் பற்றினோம். லேத்துப் பட்டறையில் மூன்று குழல்கள் வெட்டி வாங்கினேன். ரப்பர் 7 மில்லிமீட்டர் கனம் என்றால் குழல் 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சமமாக இருந்தால் ரப்பர் சும்மா கிடக்கும். மிகக் குட்டையாக இருந்தால் நசுங்கும். ரப்பருக்குப் பழைய லாரி டியூப். கம்பிக் கற்றை பிளாஸ்டிக்கில் உரசிய இரண்டு இடங்களில் துணி நாடா சுற்றினேன்.

இத்தனைக்குப் பிறகும் சிறு முனகல் எஞ்சியது. சட்டம் கெட்டிப்பட்டுவிட்டது, இப்போது அதிர்வது விளக்கின் கீழுள்ள அகன்ற பிளாஸ்டிக் பரப்பு மட்டுமே. அப்பாவின் கை அதன் நடுப்பகுதியைக் காட்டிற்று. இங்கேதான் எனக்கு மிருதங்கம் நினைவுக்கு வந்தது. கச்சேரிக்கு உட்காருமுன் வித்துவான் தொப்பியின் நடுவில் ரவைப் பசையை அப்புவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிறை கூடினால் அதிர்வெண் இறங்கும். வலந்தலையின் கருஞ்சோற்றுக்கும் பரப்பில் நிறையைப் பங்கிடும் வேலைதான். நம் தோல்கருவிகளில் ஒத்திசைச் சுரங்கள் எழும் விந்தையைப் பற்றிச் சர் சி. வி. இராமன் 1920-இலேயே 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார். இராமன் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். அரசுக் கல்லூரிக்காரர்களாகிய நமக்கு அதில் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ள உரிமை உண்டு.

ரவைக்குப் பதில் கார்க் கதவின் உட்புறத்தில் ஒட்டும் தார்ப் பசைத் தகடு ஒரு துண்டு கிடைத்தது. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, அப்பா காட்டிய இடத்தில் உட்புறமாக ஒட்டினேன். அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அதிரும் நிறை 21 விழுக்காடு கூடினால் அதிர்வெண் ஏறத்தாழ 9 விழுக்காடு இறங்கும். 4,200-இல் பாடியது 3,800-க்குப் போய்விடும். அந்தச் சுற்றில் நான் நெடுநேரம் ஓட்டுவதில்லை. தகடு இன்னொன்றும் செய்கிறது. வளையும்போது உள்ளுக்குள்ளேயே உரசி அதிர்வைச் சிறு வெப்பமாக்கிவிடுகிறது. ஆகவே 3,800-இலும் பாட்டு இல்லை. ஒரு செருமல் மட்டுமே. கூடு முழுக்க ஒட்டினால் இன்னும் நல்லதன்றோ என்று அறைத்தோழன் கேட்டான். வேண்டாம். கூட்டின் பாரம் ஏறினால் அதைச் சுமக்கும் இரும்புக்கு மறுபடி வெடிப்பு வரும்.

காற்றின் ஓசை தனி வகை. ஆளில்லாத சாலையில் வேகமாகப் போகையில் ஆக்சிலரேட்டரை முற்றும் விட்டுப் பார்த்தேன். என்ஜின் அடங்கியும் ஒரு சீறல் நின்றது. அது முன்கண்ணாடியின் விளிம்பில் காற்று கிழிபடும் சீறல். விளிம்பில் ரப்பர் பீடிங் செருகியதும் பெரும்பகுதி குறைந்தது. மிச்சத்தை ஹெல்மெட் பார்த்துக்கொள்கிறது.

இப்போது கண்ணாடியில் ஒரு லாரி ஒரே லாரியாகத் தெரிகிறது. மறு ஞாயிறு அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பவானி வரை போய் வந்தேன். போகும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது காவிரிப் பாலம் தாண்டியதும் என் தோளைத் தட்டினார். வண்டியை ஓரம் கட்டினேன். அவர் இறங்கித் தாம் கால் ஊன்றியிருந்த படியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"செயின் தளர்ந்திருக்குது கண்ணு. வீட்டுக்குப் போனதும் பாத்துரு."