அரக்கு போக எத்தனை கிராம்?

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி, திருச்சுழி பக்கம் போகிற பஸ்களில் எப்போதாவது ஒரு பாட்டி ஏறுவார். காது மடல் கயிறு மாதிரி நீண்டு தோளைத் தொடும். பஸ் குலுங்கும்போது அதுவும் ஆடும். ஆனால் அதில் நகை இருக்காது. காலேஜ் பையன்கள் சிலர் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. அந்தக் காதில் முன்னால் என்ன தொங்கியது, அது எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

தொங்கியது பாம்படம். இல்லை என்றால் தண்டட்டி. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி பேரும் அமைப்பும் மாறும். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமை முழுக்க இருந்த நகை இது. (பரளச்சியும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம்தான், விருதுநகர் அப்புறம் பிரிந்தது.) பெண் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே காது குத்தி, ஓட்டையில் பஞ்சைத் திணித்து, பிறகு ஈயத்தில் செய்த குணுக்கை மாட்டிவிடுவார்கள். காது நீள நீள குணுக்கும் கூடும். இதற்கு 'காது வளர்ப்பது' என்றே பெயர். பயிர் வளர்ப்பது மாதிரி! நன்றாக வளர்ந்த பிறகு பாம்படம் ஏறும்.

பாம்படத்தை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உருண்டை, கட்டம், முக்கோணம், தட்டை எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு நிற்கும். பூ இல்லை, மயில் இல்லை, சாமி உருவம் இல்லை. பாம்பு படம் எடுத்த மாதிரி இருப்பதால் இந்தப் பேர் என்கிறார்கள். பாம்பைத் தேடினால் கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் பிக்காசோ கோஷ்டி க்யூபிசம் என்று வரைந்ததை, இங்கே ஊதுகுழலும் கும்முட்டி அடுப்பும் வைத்துக்கொண்டு ஆசாரிகள் தங்கத்தில் செய்துகொண்டிருந்தார்கள் என்று சொன்னால் ரொம்ப மிகை இல்லை.

செய்முறையில்தான் சூட்சுமம். பாம்படம் கட்டித் தங்கம் அல்ல. தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டி, வெட்டி, வளைத்து, வெங்காரமும் பொடியும் வைத்து ஊதிப் பற்றவைத்துக் கூடாகச் செய்வார்கள். உள்ளே அரக்கை ஊற்றி நிரப்புவார்கள். அரக்கு இல்லாவிட்டால் தகடு விரல் பட்டாலே நசுங்கிவிடும். கொஞ்சம் தங்கத்தில் பெரிய நகை. மழையை நம்பிப் பிழைக்கிற கரிசல்காட்டுக்காரனுக்குத் தோதான கணக்கு.

மழை பொய்த்த வருஷம் அந்தக் காதுகள்தான் பேங்க். விதைக்கு, வட்டிக்கு, மகள் கல்யாணத்துக்கு, இப்போது பேரன் காலேஜ் ஃபீஸுக்கு. அடகுக் கடையில் முதலில் தராசில் வைப்பார்கள். அடுத்த கேள்வி, "அரக்கு போக எத்தனை கிராம்?"

ஒரு பேச்சுக்கு, ஜோடி 40 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சு பவுன். அரக்கு 12 கிராம் என்றால் மிச்சம் 28, மூன்றரைப் பவுன். பற்றவைத்த பொடிக்காக மாற்றும் கொஞ்சம் இறங்கும். ஆசாரி குனிந்து உட்கார்ந்து ஊதிய நாட்களுக்கு? சைபர். வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று தனித்தனியாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விற்கும்போது அந்த இரண்டு வார்த்தையும் கடைக்காரர் வாயிலிருந்து வராது. நெருப்பில் காட்டினால் அரக்கு உருகி ஒழுகும், அப்புறம் தங்கமும் உருகும். வேலை முடிந்தது.

இதையே மெக்சிகோவில் பாருங்கள். டாஸ்கோ என்று ஒரு மலை ஊர், பழைய வெள்ளிச் சுரங்க ஊர். வில்லியம் ஸ்பிராட்லிங் என்ற அமெரிக்கர், கட்டடக்கலை வாத்தியார், 1929-ல் அங்கே குடியேறினார். 1931-ல் பக்கத்து இகுவாலாவிலிருந்து தட்டார் ஒருவரைக் கூட்டிவந்து பட்டறை போட்டார். ஐரோப்பியக்காரன் வருவதற்கு முன்னால் இருந்த பழைய மெக்சிகோ உருவங்களை வெள்ளியில் செய்தார்கள். அவரிடம் வேலை கற்ற பையன்கள் தனித்தனியாகப் பட்டறை ஆரம்பித்தார்கள். அன்டோனியோ பினேடா, காஸ்டில்யோ சகோதரர்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் சின்னது, விளைவு பெரியது. நகைக்குப் பின்னால் பட்டறையின் பெயரைக் குத்தினார்கள். 1940-களின் கடைசியில் மெக்சிகோ அரசும் கழுகு முத்திரையும் நம்பரும் போட ஆரம்பித்தது.

இன்று அந்தப் பழைய வளையலை யாரும் உருக்குவதில்லை. உருக்கினால் நஷ்டம். வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு கொடுக்க ஆள் இருக்கிறது. காமர்ஸ் படிக்கிறவர்கள் பேலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்தை எழுதுவார்களே, அது அந்த முத்திரையில் இருக்கிறது. இத்தனைக்கும் அது வெள்ளி, இது தங்கம்.

நம் பாம்படத்தில் பெரும்பாலும் எந்தப் பெயரும் இருக்காது. அந்தக் காலத்தில் தேவையும் இல்லை. ஆசாரி பக்கத்துத் தெருவில் இருந்தார், ஊருக்கே தெரியும். அப்புறம் அவரும் இல்லாமல் போனார். சீனப் போருக்குப் பின் 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டில், 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார்கள். 22 காரட்டில் கை பழகியவர்களுக்குப் பிழைப்பே போயிற்று. 14 காரட் விதி 1966-ல் போனாலும் 1968-ல் தனிச் சட்டமே வந்தது, 1990-ல்தான் அது ஒழிந்தது. அதற்குள் எத்தனையோ ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு பக்கம், காதே இல்லாமல் போனது. பள்ளிக்கூடம் போன பெண்களுக்கு நீளக் காது வெட்கமாகிவிட்டது. அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சின்னக் குழந்தையின் காதில் ஈயத்தைத் தொங்கவிடுவதை இன்று யாரும் ஆதரிக்கவும் வேண்டாம். டாஸ்கோ வளையலை யார் வேண்டுமானாலும் போடலாம், பாம்படத்தை வளர்த்த காது இல்லாமல் போட முடியாது. உருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்தான். ஆனால் போட முடியாத எத்தனையோ பழைய நகையை உலகம் வாங்கி வைத்துக்கொண்டுதானே இருக்கிறது?

2021 ஜூனிலிருந்து தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயம் என்று படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பி.ஐ.எஸ். முத்திரை, மாற்று, ஆறு இலக்க அடையாள எண். வாங்குகிறவரை ஏமாற்றாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மூன்றிலும் செய்த கை யாருடையது என்பது கிடையாது. 2023-ல் 'தண்டட்டி' என்றே ஒரு படம் வந்தது. செத்துப்போன பாட்டியின் காதிலிருந்து நகை காணாமல் போகிறது, சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். சண்டை முழுக்க பவுனுக்குத்தான். நிஜ வீடுகளிலும் அப்படித்தானே?

விற்காதீர்கள் என்று ஃபீஸ் கட்ட வேண்டியவனிடம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. பாட்டியே சம்மதித்துத்தான் கழற்றித் தருகிறார். ஆனால் கடைக்குப் போவதற்கு முந்தின நாள், வெள்ளைத் துணியில் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுக்கலாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் அளவும் தெரியும். அரக்கோடு எத்தனை, அரக்கு போக எத்தனை என்று கடையில் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். எந்த ஊர் ஆசாரி செய்தது, எப்போது, கூலியாக என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். கூலி கம்பு மூட்டையாக இருந்தாலும் சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.